காலி பாட்டில்

தலையில் இட்லி அண்டாவுடன் கிளம்பிய கிழவர் பூலோகத்தைப் பக்கத்துக் கோலி வீட்டு இசக்கிசெல்வி வழிமறித்தாள்.

"எழுவது வயசுல மாட்டுங்கா ஸ்டேஷன் வரைக்கும் நீங்க சுமக்கிய. ஒங்க மவன் குடிச்சிட்டுக் கெடக்கான். வாசல்ல தெனமும் பாட்டில் உருளுது! அந்தக் குடிகாரப் பேவ்டாவ அடிச்சி வெரட்டுங்க மாமா!"

"என்னத்தச் செய்ய தாயி? ராத்திரி பூரா தாரு குடிக்கான். சொன்னா கேக்கானா?"

"ஒங்களுக்கு வாச்சது அப்படி. சரி, நாலு இட்லி வைங்க. ஒங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது."

மத்தியானம் காலி அண்டாவுடன் திரும்பியவர் கதவைச் சாத்தினார். பாயில் எலும்பும் தோலுமாகக் கிடந்த மகன் சுடலைக்கண்ணன் முனகினான்.

"நான் ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்லயேப்பா. தெருவே காறித் துப்புது. உள்ளதச் சொல்லிருவமா?"

பூலோகம் எய்ட்ஸ் மாத்திரையை அவன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"குடிகாரனோட அப்பன்கிட்ட இட்லி வாங்குவாவ. இந்தச் சீக்கு உள்ள வீட்டு இட்லிய நாய்க்குப் போடக்கூட வாங்கமாட்டாவலே. அப்புறம் நாம ரெண்டு பேரும் என்னத்தத் திங்க?"

வரும் வழியில் பொறுக்கித் துண்டில் சுற்றி வைத்திருந்த காலி பாட்டிலை எடுத்தார். கதவைத் திறந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் உருட்டிவிட்டார்.