டிசம்பரில் ரூம் இல்லை

"டிசம்பர்ல ஒரு ரூமும் காலி இல்லைங்க" என்றது கொடைக்கானலுக்குப் பக்கத்து வட்டக்கானலிலிருந்து பேசிய பெண் குரல்.

அரபு நாட்டு அல் ஐன் லேபர் கேம்ப்பில் கட்டில்மேல் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் சகாயம்.

"ரெண்டு வருஷம் வெயில்ல வெந்து இப்பத்தான் லீவு கிடைச்சிருக்கு. பள்ளத்தாக்கு தெரியுமே, அந்த மாடி ரூம்?"

"அதுல இஸ்ரேல்காரப் பசங்க நாலு பேர். பட்டாளத்துல சர்வீஸ் முடிச்சுட்டு வர்றவங்க. மூட்டைய இறக்கி வெச்சா மார்ச் வரைக்கும் மலையை விட்டு இறங்க மாட்டாங்க."

"கீழ் ரூம்?"

"அதுல ரெண்டு பொண்ணுங்க. கிச்சனும் அவங்க கையிலதான். காலையில தக்காளிக் குழம்புல முட்டைய உடைச்சு ஊத்துவாங்க. இட்லியெல்லாம் கேக்கக் கூடாது."

"பத்தே நாள். ஓரமா எங்கேயாவது..."

"தோட்டத்துல டென்ட் போட்டுத் தரேன். ஆனா குளிரும். ஜூன்ல வாங்களேன், மழைக்குப் பயந்து ஒருத்தரும் வர மாட்டாங்க."

"சரி" என்று போனை வைத்தார்.

அந்த வாரம்தான் ரூமுக்கு வந்திருந்த ஷைஜுவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அந்தப் பொம்பளைகிட்ட எதுக்கு இப்படிக் கெஞ்சுறீங்க? கொடைக்கானல்ல வேற லாட்ஜே இல்லையா? நான் விசாரிக்கவா?"

"லாட்ஜுக்கு என்ன தம்பி, நிறைய இருக்கு."

லீவு ஃபாரத்தில் டிசம்பரை அடித்துவிட்டு ஜூன் என்று எழுதினார் சகாயம்.

"எனக்கு வேற வீடுதான் இல்ல. வேற பொண்டாட்டியும் இல்ல."