யாகப்பம்மாள் வழிவிடவில்லை

"கனிக்கு மட்டும் காட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிப் பெட்டியின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள் யாகப்பம்மாள். வயது ஆறு, பிடிவாதம் அறுபது.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடல் பொருட்காட்சிச் சாலைக்கு அழைத்து வந்திருந்தார் ராமலெட்சுமி டீச்சர். கடலாடி ஊர்க்காரர், இந்தக் கடற்கரைப் பள்ளிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சங்கையும் சுறாவையும் பார்ப்பதோடு, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவும் பழக வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல ஆசைதான்.

மற்ற பிள்ளைகள் வந்தபோது யாகப்பம்மாள் ஒதுங்கி இடம் கொடுத்தாள். கனி எட்டிப் பார்த்தால் மட்டும் குறுக்கே பாய்ந்தாள். கனி அழ ஆரம்பித்துவிட்டாள்.

முந்தின நாள் இரண்டு பேரும் சிலேட்டுக் குச்சிக்காக முடியைப் பிடித்துச் சண்டை போட்டது டீச்சருக்கு நினைவு வந்தது. அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை என்று முடிவு கட்டினார். கனியிடம் மன்னிப்புக் கேட்காவிட்டால் வாசலில் முட்டி போட வேண்டும், பாடம் செய்த பெரிய சுறாவைப் பார்க்கவும் முடியாது என்றார். அந்தச் சுறாவுக்காகத்தான் யாகப்பம்மாள் ஒரு வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள், பாவம்.

"சுறா வேணாம். முட்டி போடுறேன். மொதல்ல அவள அங்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற பிள்ளையை என்ன செய்வது? டீச்சர் அவள் தலைக்கு மேலாகப் பெட்டிக்குள் பார்த்தார். கடலில் மிதந்து வந்த ஒரு படகுப் பலகை. மரத்தை அரிக்கும் கடல் புழுவைப் பற்றி விளக்க வைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் மங்கிய நீலக் கிளி ஒன்று வரையப்பட்டிருந்தது.

இந்த உளுத்த பலகைக்கா இவ்வளவு அழிச்சாட்டியம் என்று டீச்சர் அவள் காதைப் பிடித்துத் திருகினார். கண்ணில் நீர் முட்டியும் யாகப்பம்மாள் அசையவில்லை. டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, கனிக்குக் கேட்காமல் காதோடு சொன்னாள்.

"அவ அய்யா கடலுக்குப் போன கிளி வள்ளம் இது, டீச்சர். அவரு கொழும்புல இருக்காருன்னு அவகிட்டச் சொல்லி வச்சிருக்காங்க."