ஓவர்மாரோ

"அப்ரிசிட்டி" என்றார் அவர்.

அவள் போர்வையை இழுத்து, சக்கர நாற்காலியில் இருந்தவரை மார்புவரை மூடிவிட்டாள். அவருக்குக் குளிருகிறது போல.

அவர் இடது கை போர்வையைத் தள்ளியது. வலது கை அசையாது.

"அப்ரிசிட்டி."

குன்னூரில் மார்கழி. சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு இல்லை, சாலை இல்லை, எதிர்வீடு இல்லை. வெள்ளையாக ஏதோ மிதந்துகொண்டிருந்தது. வீடும் அதில்தான் மிதப்பதுபோல அவளுக்குச் சில நாட்களாகத் தோன்றுகிறது.

ஞானதுரை, ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் தடித்தடியான அகராதிகளோடு உட்கார்ந்திருப்பார். ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல், சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார்.

கண் விழித்தபோது தமிழ் போயிருந்தது. தண்ணீர் என்ற சொல் இல்லை. சோறு இல்லை. ரோஸ்லின் என்ற அவள் பெயரும் இல்லை.

வகுப்பில் பேசிய ஆங்கிலமும் போயிருந்தது.

மிஞ்சியவை இவைதான். யாரும் கேட்டிராத சத்தங்கள்.

பக்கவாதத்தில் இப்படி வருவதுண்டு, அர்த்தம் தேடாதீர்கள் என்றார் டாக்டர். அவள் தேடவில்லை. துடைத்தாள், ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள். போன வாரம் அவரைத் தூக்கும்போது இருவருமாக விழுந்தார்கள். அவள் மணிக்கட்டில் இன்னும் கட்டு இருக்கிறது.

அதன் பிறகுதான் மகன் ஜோயல் பெங்களூரிலிருந்து ஏற்பாடு செய்தான். கோயம்புத்தூரில் ஓர் இல்லம். நர்சுகள் இருக்கிறார்கள். அப்பாவை அங்கே விட்டுவிடலாம்.

அவள் சரி என்றாள். அவர் கட்டிலருகே நின்றுதான் சொன்னாள்.

போன் அடித்தது. சலோமி. அவரோடு அதே துறையில் வேலை பார்த்தவர். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல அழைத்திருந்தார்.

"அப்ரிசிட்டி" என்றார் ஞானதுரை, இன்னும் உரக்க.

சலோமி வாழ்த்தைப் பாதியில் நிறுத்தினார்.

"ரோஸ்லின், அவர் என்ன சொன்னார்?"

"அது சும்மா சத்தம் மேடம்."

"சத்தம் இல்லம்மா. வார்த்தை. நானூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ், இப்ப யாருக்கும் தெரியாது. குளிர்காலத்துல வெயில் மேல படும்போது ஒரு கதகதப்பு இருக்குமே, அது. வெயில் கேக்கிறாரு."

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளினாள்.

பனிமூட்டம் ஓரிடத்தில் கிழிந்து வெயில் விழுந்திருந்தது. அந்த இடத்தில் நிறுத்தினாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். முகம் மெதுவாக அவிழ்ந்தது. எத்தனையோ நாள் கழித்து, அவளுக்குத் தெரிந்த முகம்.

"மேடம்." அவள் போனைக் கையில் எடுத்தாள். "விடியறதுக்கு முன்னாடி தினமும் ஒண்ணு சொல்வாங்க. உட்கேர, உட்கேரன்னு."

"அது ஆயிரம் வருஷப் பழசு." சலோமியின் குரல் தாழ்ந்தது. "விடியறதுக்கு முன்னாடி முழிச்சுக் கிடந்து படுற கவலை."

தொண்டையைச் செருமுகிறார் என்று நினைத்திருந்தாள்.

அந்த நேரத்தில் அவளும் விழித்துத்தான் கிடப்பாள். சுவர்ப் பக்கம் திரும்பி, தூங்குவதுபோல.

இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இன்னைக்குக் காலைலருந்து அடிக்கடி. ஓவர்மாரோ."

சலோமி சிரித்துவிட்டார். "அட, அது நம்ம நாளன்னைக்கு! நாம தினமும் சொல்றோம். இங்கிலீஷ்காரங்கதான் தொலைச்சிட்டாங்க."

ரோஸ்லின் சிரிக்கவில்லை.

நாளன்னைக்குத்தான் இல்லத்து வண்டி வருகிறது.

நாள் கேட்ட ஜோயலிடம் காலையில் அவள்தான் சொன்னாள். நாளன்னைக்கே வரட்டும் என்று. ஒரு கையில் போன். மறுகையால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தாள். நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஈரம் சேலையில் ஏறியது.

"எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"என்னால தூக்க முடியலங்க." கட்டுப் போட்ட கையை அவர் முழங்காலில் வைத்தாள். "உங்களைக் கீழ போட்டுருவேனோன்னு பயமா இருக்கு. அதான் சரின்னேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

மூட்டம் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு தேயிலை வரிசை தெரிந்தது. பிறகு இன்னொன்று.

அவருடைய இடது கை நாற்காலியின் விளிம்பிலிருந்து இறங்கியது. தடவித் தடவி, அவள் மணிக்கட்டின் கட்டைத் தொட்டது. அங்கேயே நின்றது.

ஒரு சொல் வந்தது. மெல்ல. இதுவரை சொல்லாதது.

அர்த்தம் கேட்க அவள் சலோமியை அழைக்கவில்லை.

அவர் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மதியம் ஜோயல் கூப்பிட்டான். "அப்பா துணியெல்லாம் எடுத்து வச்சாச்சாம்மா?"

"வச்சாச்சு. அந்த இடத்துல ரூமுக்கு ரெண்டு பேர் தங்கலாமான்னு கேளுடா."

"அப்பாவுக்குத் தனி ரூம்தான் சொல்லியிருக்கேன். ரெண்டு பேருன்னா யாரும்மா இன்னொருத்தர்?"

அவள் தன் சேலைகள் இருந்த பீரோவைத் திறந்தாள்.

அவருடைய சட்டைகளை அடுக்கிய பெட்டியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.