தழும்பில்லாத ரேகை

பதுளை ஆவணக் காப்பகத்து மேசையில், சன்னல் வெயிலில் ஒரு பழுப்புத் தாள் விரிந்து கிடக்கிறது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கு எழுதிய பழைய கிளாக்கர் வீட்டுப் பெட்டியோடு வந்தது அது; தோட்ட மக்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது. பேச்சியம்மாவுக்கும் அவளுடைய அண்ணன் மூக்கையாவுக்கும் எழுத்துத் தெரியாது. அலுவலர் ஸஹ்ராதான் வாசிக்கிறாள். "தாய் தகப்பனோடு இந்தியாவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. இங்கேயே இருந்து அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இப்படிக்கு, பேச்சியம்மா." கீழே ஊதா மையில் ஒரு இடது பெருவிரல் ரேகை. "அம்மாதான் என்னய வேணாம்னு விட்டுட்டுப் போச்சுன்னு அம்பது வருஷமா சொன்னீங்களேண்ணே. அது செத்த தந்தி வந்தப்பகூட நான் அழுவலையே," என்கிறாள் பேச்சியம்மா. மூக்கையா கூரையைப் பார்க்கிறார். வெளியே பஸ் ஒன்று விடாமல் ஹோர்ன் அடிக்கிறது. வருகைப் புத்தகத்துக்காகச் சற்றுமுன் மையில் ஒற்றிய தன் இடது பெருவிரலைப் பேச்சியம்மா தாளருகே கொண்டுபோகிறாள். இந்தத் தாளுக்கு வெகு முன்பே, ஏழு வயதில், தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டிய தழும்பு அதன் குறுக்கே வெள்ளையாக ஓடுகிறது. தாளில் இருக்கும் ரேகையில் அப்படி ஒரு கோடே இல்லை. வட்டம் வட்டமாக, முழுசாக இருக்கிறது. "ஐயா, நீங்களும் புத்தகத்துல ரேகை வைக்கணும்," என்று ஸஹ்ரா மைப்பெட்டியை நகர்த்துகிறாள். "வைங்கண்ணே," என்கிறாள் பேச்சியம்மா, மெதுவாக. அவருடைய இடது கை ஸ்வெட்டர் பைக்குள்ளேயே இருக்கிறது. "பேனா இருந்தா குடும்மா," என்கிறார், "நான் கையெழுத்தே போடுறேன்."