பில் போடாத மாத்திரை

ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய் பாக்கி வைத்துவிட்டுச் செத்தான், என்னோடு மூட்டை தூக்கிய செல்லப்பாண்டி. எல்லாம் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை. இடுப்பு வலிக்கென்று ஆரம்பித்தது. பிறகு அது இல்லாவிட்டால் அவனுக்குக் கை நடுங்கும். கடையில் ஒருநாளும் டாக்டர் சீட்டு கேட்டதில்லை.

காரியம் முடிந்ததும் அவன் மனைவி இருளாயி பணத்தோடு போனாள். துணைக்கு நானும் போனேன். கடைக்காரர் நோட்டுகளை எண்ணி முடித்தார்.

"மாத்திரை பேரு போட்டு பில்லு குடுங்கண்ணாச்சி."

"இத்தன நாளு இல்லாம இப்ப எதுக்கும்மா?"

"கேசு குடுக்கப் போறேன்."

அவர் முகம் மாறியது. "அவன் கேட்டான், குடுத்தேன். நானா வாயில ஊட்டுனேன்?"

"ஊட்டல. காசில்லாதப்பவும் குடுத்தீங்க."

அவர் நோட்டுகளை அவள் பக்கம் தள்ளினார். "பாக்கியே கிடையாது. எடுத்துட்டுப் போ."

இருளாயி அதைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினாள்.