ஆளுக்கொரு பெட்டி

ஒன்பது மாதத்துக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டு, பென்சில்வேனியாவின் அந்தச் சின்ன ஊரிலிருந்து உள்நாட்டுப் போருக்குப் போன தொண்டர் படை, ஒரு ஆள் குறையாமல் திரும்பி வந்துவிட்டது. தச்சர் ஹைரம் பாடுதான் திண்டாட்டம். ஊர்ப் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு, போனவர்களுக்கு ஆளுக்கொரு சவப்பெட்டி செய்து பட்டறையில் அடுக்கி வைத்திருந்தார்.

"எங்க மேல அவ்வளவு நம்பிக்கையாப்பா?" என்றான் அவர் மகன் ரூஃபஸ். அவன் தோளில் மகள் லெட்டி. அவள் தலையில் அவனுடைய பட்டாளத்துத் தொப்பி.

"பேசாதடா. அத்தனை பலகையும் வீணாப் போச்சு." சொல்லும்போதே ஹைரமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது சரி, கண்ணெல்லாம் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"முகாம் பூரா மணல்வாரி அம்மை. ரெண்டு வாரம் தங்கிட்டுப் போங்கன்னார் டாக்டர். கெடு முடிஞ்சுபோச்சு, இனி ஒரு நாள்கூட எங்களைப் பிடிச்சு வைக்க முடியாதுன்னு எல்லாரும் ரயில் ஏறிட்டோம்."

"நல்லா சொன்னீங்க," என்றார் ஹைரம்.

அந்த மாதக் கடைசியில் ரூஃபஸ் மறுபடி பட்டறைக்கு வந்தான். அவனுக்கு உடம்பு தேறியிருந்தது.

"பெட்டி வேணும்ப்பா."

ஹைரம் மேலாக இருந்த பெட்டியை இறக்கி வைத்தார்.

ரூஃபஸ் அதன் நீளத்தைச் சாண் போட்டு அளந்தான்.

"லெட்டிக்கு இது பெரிசுப்பா. பாதியா அறுத்துடுங்க."

ஹைரம் ரம்பத்தைத் தேடி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். வாசலில், பட்டாளத்துச் சட்டை போட்ட அப்பாக்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.