சராசரியில் சேராதவர்கள்

“சராசரின்னு ஒருத்தர் எங்க தபால் ஆபீஸ்ல வேலை பார்க்கறாரா சார்? இருந்தா காட்டுங்க, கைமாத்து கேக்கணும்!”

புள்ளிவிவர அலுவலகத்தின் மேசையில் தம் சம்பளச் சீட்டை விரித்து வைத்தார் தபால்காரம்மா. மாதம் பதினாறாயிரம். பக்கத்தில் கிடந்த அறிக்கையோ, தபால் ஊழியரின் சராசரிச் சம்பளம் நாற்பதாயிரம் என்று அடித்துச் சொன்னது. அதை நம்பித்தான், இந்த ஆண்டு ஊதிய உயர்வு தேவையில்லை என்று மேலிடம் முடிவெடுக்கவிருந்தது. ஆட்சேபம் தெரிவிக்க அன்றே கடைசி நாள்.

“கோபப்படாதீங்கம்மா. கணக்குல தப்பு இல்ல,” என்றார் அதிகாரி, மிகுந்த பணிவுடன்.

“வீடு வீடா ஏறி இறங்கறவங்க முப்பது பேர் இருக்கோம். முப்பது பேருக்கும் இதே சம்பளம்தான். எங்களையும் சேர்த்தா எப்படி சார் நாற்பதாயிரம் வரும்?”

“அக்கா, கொஞ்சம் மெதுவா…” என்று நெளிந்தான் உடன் வந்த நெட்டையன். அவனும் தபால்காரன்தான்; ஆள் வளர்ந்த அளவுக்குத் துணிச்சல் வளரவில்லை.

“நீ சும்மா இருடா. ரெண்டுல ஒண்ணு தெரியாம நான் நகர மாட்டேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார்.

அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “உள்ளதைச் சொல்லிடறேன். உங்க முப்பது பேரும் இந்தக் கணக்குலயே இல்ல. ஆபீஸ்ல உட்கார்ந்து வேலை பார்க்கறவங்ககிட்ட நேர்ல போய் விவரம் வாங்கினோம். நீங்க எப்பவும் தெருவுலதானே இருக்கீங்க? அதனால உங்க ஊழியர் குடியிருப்புக்குப் பதிவுத் தபால்ல ஃபாரம் அனுப்பினோம். முப்பதும் திரும்பி வந்துடுச்சு.”

அலமாரியிலிருந்து ஓர் உறைக்கட்டை எடுத்து வைத்தார்.

“ஏன் திரும்பி வந்துச்சாம்?”

“கதவு பூட்டியிருந்ததுன்னு எழுதியிருக்கு.”

“பகல்ல போனா பூட்டித்தான் இருக்கும்! நாங்க ஊருக்கெல்லாம் தபால் குடுத்துட்டு இருப்போமே! ஒரு சீட்டு எழுதி வச்சுட்டு, மறுநாள் திரும்பப் போக வேண்டாமா? முப்பது குடும்பத்து வயித்துல அடிச்சிருக்கான் சார்! யாரு அந்தச் சோம்பேறி? பேரைச் சொல்லுங்க, இப்பவே புகார் எழுதறேன்.”

கட்டின் மேலிருந்த உறையை நெட்டையன் எட்டிப் பார்த்தான். “அக்கா, வாங்க போயிடலாம்,” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

“பேரு தெரியாம வர மாட்டேன்டா!”

அதிகாரி அந்த உறையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

பகலில் ஆளிருக்காது என்று தெரிந்த குடியிருப்பில் மூன்று மாடி ஏறுவானேன் என்று, கதவு எண்களைக்கூடப் பாராமல், என்றோ ஒரு நாள் வாசலில் நின்றபடியே முப்பது உறைகளிலும் எழுதித் தள்ளிய கையெழுத்து அவருடையதேதான்; மேலுறையில் இருந்ததும் அவர் வீட்டு எண்ணேதான்.

“அந்தக் கட்டைக் குடுங்க சார்,” என்று எழுந்தார் தபால்காரம்மா. “சாயங்காலத்துக்குள்ள மிச்ச இருபத்தெட்டு பேரையும் தெருத் தெருவாத் தேடிப் பிடிச்சு ஃபாரத்தை நிரப்பிக் கொண்டாறேன்.”